ஆடி முடித்தவர்களிடம் அணியைக் கொடுங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கால்பந்துக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும், ஆண்டுதோறும் கோப்பைப் போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகக் காலித் ஜமீலின் பெயர் அறிவிக்கப்பட்டபோது நம் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் வாழ்த்துகள் குவிந்தன. சாவியோ மெதெய்ராவுக்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகளாக வெளிநாட்டவரே அமர்ந்திருந்த நாற்காலி அது. நம் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் அதில் அமர்ந்தாரே என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். நானும் மகிழ்ந்தேன். அப்போதே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவர் வளர்ந்த வழியில் ஒரு சின்னப் பாதையாவது நம் ஊரில் ஏன் இல்லை? அதை உங்களால் போட முடியும் என்று உறுதியாக நம்புவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் ஆடி ஓய்ந்தவர்களில் சொல்லிக்கொடுக்கும் பொறுமை உள்ளவர்களைக் கண்டுபிடியுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி லைசென்ஸ் என்ற சான்றிதழ்ப் படிப்புக்குக் கழகச் செலவில் அவர்களை அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் ஆளுக்கொரு இளையோர் அணியைக் கையில் கொடுத்து, மூன்று ஆண்டுகள் அவர்களை மாற்றாமல் விடுங்கள்.

காலித் ஜமீல் 1977-இல் குவைத்தில் பிறந்தவர். பிறகு குடும்பம் மும்பைக்கு வந்தது. வளைகுடாவில் பிறந்து ஊர் திரும்பி வளர்ந்த பிள்ளைகளைப் பரங்கிப்பேட்டைக்காரர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா அணிகளின் நடுக்களத்தில் ஆடினார். இந்திய அணிக்கும் ஆடினார். கொல்கத்தாவின் இரு பெரிய அணிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அழைத்தபோது, மதுபான நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிய மனம் ஒப்பாமல் மறுத்துவிட்டார். அந்த வயதில், அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது, இளைஞர் அணிக்குச் சட்டை வாங்கித்தர ஆள் தேடி அலைந்த உங்களுக்குத் தெரியும்.

காயங்கள் அவருடைய ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவைத்தன. மும்பை எஃப்.சி.க்கு ஆட வந்தவர், 2009-இல் அதே அணியின் பயிற்சியாளரானார். அப்போது அவருக்கு வயது 32. நம் ஊரில் 32 வயதுக்காரர் கோடைப் போட்டிகளில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். அதோடு மைதானத்துக்கும் அவருக்குமான உறவு முடிந்துவிடும். காலிதுக்கு அங்கேதான் தொடங்கியது.

ஏழு ஆண்டுகள் அவர் மும்பை எஃப்.சி.யில் இருந்தார். பெரிய பணம் இல்லாத அணி. அந்த ஏழு ஆண்டுகளில், அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டம் ஒருமுறைகூட வரவில்லை. ஒருமுறைகூட அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கவும் இல்லை. அவருடைய ஆட்டமுறை கண்ணுக்கு அழகாக இல்லை, பந்தை உயரத் தூக்கி அடிக்கிறார்கள், பின்னால் கூடி நின்று தடுக்கிறார்கள் என்று விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இருந்தது. ஜமீலின் அணிகள் அப்படி ஆடுவதைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எதிரணியில் விலை உயர்ந்த வெளிநாட்டு ஃபார்வர்டுகள் நிற்கும்போது, கிடைத்த பையன்களை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியைக் காப்பாற்றி வீடு திரும்புவதற்கும் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அவருக்கு வகுப்பறையில் மட்டும் வந்திருக்காது. ஒவ்வொரு வாரமும் ஓர் ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தவறு, அடுத்த வாரம் அதைத் திருத்த ஒரு வாய்ப்பு என்று ஏழு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன. 2016-இல் அணி நிர்வாகம் அவரை விடுவித்தது. அடுத்த பருவத்திலேயே மும்பை எஃப்.சி. கடைசி இடத்துக்குச் சரிந்து ஐ-லீக்கிலிருந்து இறங்கியது.

அதே பருவத்தில் அவர் மிசோரத்தில் இருந்தார். ஐசால் எஃப்.சி. முந்தைய ஆண்டு கீழிறக்கப்பட்ட அணி. கோவாவின் சில அணிகள் லீக்கிலிருந்து விலகியதால்தான் அதற்கு மறுபடி இடம் கிடைத்தது. ஜயேஷ் ராணே, அசுதோஷ் மேத்தா என்று மும்பையில் தன்னிடம் ஆடியவர்களை உடன் அழைத்துப் போனார். மிசோரத்துப் பையன்களின் வேகத்தோடு அவர்களைச் சேர்த்தார். 2017 ஏப்ரல் 22 அன்று மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லாஜோங் அணியுடன் 1-1 என்று சமன் செய்தபோது பட்டம் அவர்களுடையது. இரண்டாம் இடத்தில் நின்ற மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். வடகிழக்கிலிருந்து தேசிய லீக் பட்டம் வென்ற முதல் அணி ஐசால்.

பிறகு ஏற்றமும் இறக்கமும்தான். ஈஸ்ட் பெங்காலில் ஒரு பருவம், மோகன் பகானில் அரைப் பருவம். 2021 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியைப் பாதிவழியில் இடைக்காலப் பொறுப்பாக ஏற்று, தோல்வியே இல்லாமல் மீதி லீக் ஆட்டங்களைக் கடந்து அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகுதான் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணி ஒன்று இந்தியரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளத் துணிந்தது. அடுத்த பருவம் சரிந்தது; வெளியேறினார். கௌரவம் பார்த்து வீட்டில் உட்காரவில்லை. கீழ்ப்பிரிவில் ஆடிய பெங்களூரு யுனைடெட் அணிக்குப் போய் வேலை பார்த்தார். 2023-இன் கடைசியில் ஜாம்ஷெட்பூர் அழைத்தது. 2024-25 பருவத்தில் அந்த அணியை ஐ.எஸ்.எல். அரையிறுதிக்கும் சூப்பர் கோப்பை இறுதிக்கும் கொண்டுவந்தார். நாட்டின் சிறந்த பயிற்சியாளர் விருது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தது. இந்திய அணிக்கு வந்ததும் மத்திய ஆசியக் கூட்டமைப்பின் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அடுத்த மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு போயிற்று. அந்தத் தோல்விக்காக அவரைத் திட்டியவர்கள் நம்மிடையேயும் உண்டு. திட்டுவதற்கு ரசிகருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீங்கள் ரசிகர்கள் மட்டும் அல்லவே, நிர்வாகிகளும்கூட. நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டியவை 2009-க்கும் 2016-க்கும் இடையிலான அந்தப் பட்டமில்லாத ஆண்டுகள். அவற்றை ஒரு கழகம் அவருக்குக் கொடுத்தது. அதில்லாமல் ஐசால் இல்லை, ஜாம்ஷெட்பூர் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு நெருக்கமான இன்னொருவரைச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் வாழும் ஊர் இது. 2018-இல் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 கொண்டாட்டம் முடிந்த மறுநாளே மாஸ்கோவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. குரோஷியாவை 4-2 என்று பிரான்ஸ் வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் திதியே தெஷாம், 1998-இல் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியின் கேப்டன். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றவர்கள் பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், இவர் ஆகிய மூவர் மட்டுமே. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் பயிற்சியாளராகத் தொடங்கிய முதல் பருவத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை. 2001-02 பருவத்தில் அவர் பயிற்றுவித்த மொனாக்கோ அணி பிரெஞ்சு லீக்கில் 15-ஆம் இடம். உலகக் கோப்பை வென்ற கேப்டனுக்கே முதல் ஆண்டு அப்படித்தான் போனது. கழகம் அவரை வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இரண்டாம் இடம். 2004-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். தெஷாமுக்கே ஓர் ஆண்டு தேவைப்பட்டது என்றால், முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ பின்களத்தின் நடுவில் நின்று தடுத்து ஆடிய நம் ஸ்டாப்பருக்கு எத்தனை ஆண்டு தருவது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாம் தருவது ஒரு போட்டி. சில நேரம் அதுவும் இல்லை. பெயர் வேண்டாம், ஒரு கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் பள்ளியில் ஆடி, பிறகு மாவட்ட அணிவரை போனவர் ஒருவர், பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார். சம்பளம் கேட்கவில்லை. தினமும் விடியற்காலையில் வந்து கோன்களை அடுக்கிவைத்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் வேலைக்கு ஓடுவார். முதல் போட்டியில் அணி காலிறுதியில் தோற்றது. அன்று மாலையே பந்துகள் வைக்கும் அறையின் சாவியை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. சாவியை மட்டும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஆட்டம் பார்க்கக்கூட வருவதில்லை. அந்த அணியில் இருந்த பையன்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு ஆடவில்லை.

இன்னொருவரைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். துறைமுகப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை. தன் காலத்தில் நல்ல ஸ்டாப்பர். ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சிறுவன் பந்தை வாங்கும்போதெல்லாம் கோலுக்கு முழு முதுகையும் காட்டி நின்றான்; பந்து வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்; அதற்குள் எதிராளி வந்துவிட்டான். இவர் கத்தவில்லை. ஈர மணலில் குதிகாலால் ஒரு கோடு இழுத்தார். பையனின் இரண்டு தோள்களையும் பிடித்து, ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாகச் சாய்வாக நிறுத்தினார். பிறகு அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “பந்து வருவதற்குள் என் கையில் எத்தனை விரல் என்று சொல்” என்றார். முதல் தடவை பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலைப் பார்க்க மறந்தான். இரண்டாம் தடவை விரலைப் பார்த்தான், பந்தைக் கோட்டைவிட்டான். நாலைந்து தடவைக்குப் பிறகு, தோளுக்கு மேல் சட்டென்று ஒரு பார்வை, “மூன்று” என்ற குரல், பந்து காலில் பட்டதும் அதே அசைவில் திரும்பி வலப்பக்கத்துக்கு ஒரு பாஸ். பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்துவிட வேண்டும் என்பதை ஐரோப்பிய அகாடமிகளில் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டாப்பராக நின்று, பின்னால் பார்க்காத ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தைப் பறித்துப் பறித்து, அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று தானே கண்டுகொண்டிருக்கிறார்.

இந்த அறிவை நாம் வீணடிக்கிறோம் என்பதுதான் என் ஆற்றாமை. இவரிடம் இல்லாதது ஒரு முறையான படிப்பு. இந்தச் சிறுவனுக்கு இன்று சொல்லிக்கொடுத்ததை அடுத்த வாரம் எதனோடு சேர்ப்பது, பத்து வயதுக்கு எவ்வளவு ஓட்டம், பதினாறு வயதுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அனுபவத்தில் மட்டும் வந்துவிடாது. டி லைசென்ஸ் படிப்பில் பயிற்சித் திட்டத்தை எழுதிக் காட்ட வேண்டும். பிறகு அதை மைதானத்தில் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு மேல் சி, பி, ஏ, கடைசியில் புரோ என்று படிகள். டி லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். புதுச்சேரி ஒரு சங்கம், கடலூர் தமிழ்நாட்டுச் சங்கத்தின் கீழ் என்ற பிரிவெல்லாம் இதற்குக் குறுக்கே வராது. பாகூர்ப் பையன் கடலூரில் ஆடுகிறான், கடலூர்ப் பையன் உப்பளத்தில் ஆடுகிறான். பயிற்சியாளரும் அப்படி வரட்டும்.

ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் சுமையில்லை. படிப்பு நடக்கும் நாள்களில் கூலி போய்விடும். தங்கும் செலவு இருக்கிறது. ஆகவே கட்டணத்தோடு அந்த நாள்களின் கூலியையும் கழகம் தர வேண்டும் என்று கேட்கிறேன். பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கோப்பைப் போட்டிக்கு வெளியூர் கெஸ்ட் பிளேயர்களை அழைக்க என்ன செலவழிக்கிறீர்கள் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும். இரண்டு நாள் ஆடிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு இரவு பஸ் ஏறிப்போகும் ஓர் ஆட்டக்காரரைக் குறைத்தால் போதும், ஒருவரைப் படிக்க அனுப்பிவிடலாம். கெஸ்ட் பிளேயர்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் வந்தால் கூட்டம் வருகிறது, சிறுவர்கள் நல்ல ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஒருவரைக் குறையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆளுயரக் கோப்பையின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்தாலும் சரி.

பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளராக முடியும் என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். அது உண்மையானால் சையது அப்துல் ரஹீமை என்ன செய்வது? ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். எல்லாம் அவர் பயிற்சியில் வந்தவை. அவரிடம் ஆடிய பி.கே. பானர்ஜி பின்னாளில் பயிற்சியாளராகி, 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தார். ஒருவரிடம் ஆடியவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொடர் அறுந்ததாலோ என்னவோ, 1970-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கமே நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் சபீர் பாஷா இருக்கிறார். இந்திய அணிக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர், ஐ.எஸ்.எல். அணியான ‘சென்னையின் எஃப்.சி.’யில் துணைப் பயிற்சியாளராகி 2022-இல் இடைக்காலத் தலைமைப் பொறுப்பும் ஏற்றவர். அந்தக் காலத்தில் வங்கியும் ரயில்வேயும் ஆட்டக்காரருக்கு வேலை தந்தன. வேலை இருந்ததால் ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்தை விட்டுப் போகாமல் இருக்க முடிந்தது. இன்று அந்த வேலைகள் சுருங்கிவிட்டன. அந்த இடத்தைக் கழகங்கள்தான் ஓரளவாவது நிரப்ப வேண்டும்.

ஆடியவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தான் செய்ததைச் சிறுவன் செய்யவில்லை என்று எரிந்து விழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். தேர்ந்தெடுக்கும் முன் சில வாரங்கள் அவர்களைச் சிறுவர்களோடு விட்டுப் பாருங்கள். பையன்கள் மறுநாள் திரும்பி வருகிறார்களா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். கடலூர் மாவட்டத்தின் பெயரை இந்தியக் கால்பந்தில் நிலைநாட்டியவர்கள் பெண்கள்தாம். இந்துமதி கதிரேசன் நம் ஊர்ப் பெண். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். அவரைப் பார்த்து ஆட வந்த பெண்கள் இன்று இருபதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். திருமணம், குழந்தை, வேலை என்று ஒவ்வொருவராக மைதானத்தை விட்டுப் போகிறார்கள். கோவாவின் மேமோல் ராக்கி இந்தியாவுக்கு ஆடியவர். 2017-இல் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் அணியை ஆண்களே நடத்துகிறார்கள். நல்லவர்கள்தான், உழைக்கிறார்கள்தான். ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் வயிற்றுவலி என்று சொல்லத் தயங்கி, ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போவதை ஓர் உடற்கல்வி ஆசிரியராகக் கண்ணால் பார்த்தவன் நான். அணியோடு ஒரு பெண் பயிற்சியாளர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே படிக்க அனுப்புகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கைக்குழந்தை இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் உடன் போவதற்கான செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகள் என்று நான் சொல்வதைக் கேட்டு ஒரு பெரியவர், “அதுவரை ஒரு கோப்பைகூட வராவிட்டால் ஊர் என்னைக் கேள்வி கேட்காதா?” என்றார். கேட்கும். அப்போது அவர் காட்டுவதற்கு வேறு கணக்கு இருக்க வேண்டும். தொடங்கிய பையன்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், எத்தனை பேர் மாவட்ட அணிக்குப் போனார்கள், எத்தனை பேர் பள்ளியை விடாமல் படிக்கிறார்கள். இதைக் கழகக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியாளரே எழுந்து சொல்லட்டும். நிர்வாகிகள் கேள்வி கேட்கட்டும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது கோட்டோரம் நின்று யாரை இறக்குவது, யாரை எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தன் மகனையோ மருமகனையோ இறக்கச் சொல்லும் பழக்கம் எங்கெங்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. இளையோர் அணிகளுக்கு ஆள் சேர்ப்பது அப்போதுதான். அதற்கு முன் உங்கள் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு கழகமும் ஒருவரை அனுப்ப முடியாவிட்டால், இரண்டு மூன்று கழகங்கள் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள். அவர் வாரத்தில் நாள் பிரித்து எல்லா அணிகளுக்கும் வரலாம். படிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பவும், பயிற்சித் திட்டங்களைத் தமிழில் எழுதிப் பழகவும் நான் உதவுகிறேன். அதற்கு எதுவும் வேண்டாம். தகுதியானவர்கள் யார் என்று கேட்டால், பெயர்களோடு வருகிறேன். ஐஸ் கம்பெனிக்காரரிடம் பேசிவிட்டேன். கூலிக்கு வழி செய்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாலை நேரங்களில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இருப்பேன். கூட்டத்துக்கு அழைத்தால் புதுச்சேரிக்கும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கடலூர்